சால்ட் லேக் நகரில் ஒரு மொழியவை

புதிய ஊருக்குச் செல்வோர் பெரும்பாலும் கோயிலைக் காண்பர், ஆற்றைக் காண்பர், பழைய மாளிகைகளைக் காண்பர், கடைத்தெருவில் கைப்பொருளைச் சிறிது குறைத்துக்கொண்டு வீடு திரும்புவர். அவ்வூரிற் கற்றோர் கூடிப் பேசும் அவையைக் காணவேண்டும் என்று புறப்படுவோர் மிகச் சிலரே. கொல்கத்தாவில் வாழும் நம் தமிழன்பர்களும் இதற்கு விலக்கல்லர். காளிகட்டமும் தட்சிணேசுவரமும் பேலூர் மடமும் நாம் நன்கறிந்த இடங்கள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை அழைத்துச் செல்லும் வழியும் நமக்கு மனப்பாடம். ஆனால் சால்ட் லேக் என்றால், அரசு அலுவலகத்திற் காரியம் இருந்தாலன்றி அங்குப் போவானேன் என்று கேட்போரே மிகுதி.

சென்ற கார்த்திகைத் திங்களில் ஒரு சனிக்கிழமையன்று அங்கு நடைபெற்ற ஒருநாள் கருத்தரங்கிற்கு இல்லத்தாருடன் சென்றிருந்தோம். வங்க மொழிக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆராய்ச்சி அது. மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்திற் பேரேடு எழுதும் நமக்கு அந்த அவையில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைத்தனர். ஆயினும் அங்குக் கண்டதும் கேட்டதும், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் உரியவை என்று தோன்றியமையால் இங்கு எழுதலானோம்.

உப்பு நிலம் ஊரானது

முதலில் ஊரைப் பற்றிச் சில சொற்கள். நகரின் கிழக்கெல்லையில் ஒரு காலத்தில் உவர்நீர்ச் சதுப்பு நிலமே பரந்து கிடந்தது. வங்காளியர் அதனை லவண ஹ்ரதம், அதாவது உப்பேரி என்றனர். ஆங்கிலத்தில் அதுவே சால்ட் லேக். 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து மக்கள் திரள் திரளாக வந்து சேர்ந்தனர். கல்கத்தா மாநகரம் மூச்சுத் திணறியது. அப்போது முதலமைச்சராயிருந்த டாக்டர் விதான் சந்திர ராய், இச்சதுப்பைத் தூர்த்துப் புதுநகர் அமைக்கத் துணிந்தார். ஹூக்ளி ஆற்றின் அடியிற் படிந்த வண்டலைத் தோண்டி, நீரோடு கலந்து, குழாய்களின் வழியாக இங்குக் கொணர்ந்து கொட்டினர். 1962இல் தொடங்கிய இப்பணியை யுகோஸ்லாவிய நிறுவனம் ஒன்று மேற்கொண்டது. நகருக்குத் திட்டம் வகுத்தவரும் அந்நாட்டுக் கட்டடக்கலைஞரான தொப்ரிவோயே தோஷ்கோவிச் என்பவரே. அவ்வாண்டு ஜூலை முதல் நாள் டாக்டர் ராய் காலமானார். அவர் பெயராலேயே ஊர் இன்று விதான்நகர் எனப்படுகிறது.

எஞ்சிய சதுப்பு இன்றும் ஊருக்குக் கிழக்கே மீன் வளர்க்கும் ஏரிகளாக விளங்குகிறது. 2002இல் அது உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் பட்டியலிற் சேர்ந்தது.

இந்நிலம் வேறொரு வகையிலும் நினைக்கத்தக்கது. 1971ஆம் ஆண்டில், வீடுகள் நிறையாத இவ்வெளியில் அகதி முகாம் எழுந்தது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்குத் தங்கினர். அவர்களுடைய நாட்டில் எழுந்த போராட்டத்திற்குத் தாய்மொழியே முதல் வித்து. 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக டாக்காவில் மாணவர் உயிர் துறந்தனர். அந்நாளையே பின்னர் யுனெஸ்கோ 1999இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. அம்முகாம் இருந்த ஊரில் இன்று அறிஞர்கள் மொழி பற்றி வாதிடுவது பொருத்தமே அன்றோ!

போகும் வழி

போக்குவரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இரயில்வேக்காரனுக்கு அழகன்று. பழைய வழியில் செல்வோர் சியால்டாவிலிருந்து மின்வண்டியேறி விதான்நகர் ரோடு நிலையத்தில் இறங்கலாம். உல்டாடாங்காப் பகுதியில் உள்ள நிலையம் அது. புதிய வழி பாதாள இரயில். 2020 பிப்ரவரியில் ஐந்தாம் செக்டரிலிருந்து ஸ்டேடியம் வரை சிறு தொலைவே ஓடிய வண்டி, 2022இல் சியால்டாவை எட்டியது. 2024 மார்ச்சில் ஹூக்ளி ஆற்றின் அடியாகச் சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. இடையில் நின்றிருந்த பகுதியும் 2025 ஆகஸ்டில் முடிந்தமையால், இன்று ஹௌராவில் ஏறி இறங்காமலே சால்ட் லேக் சேரலாம். ஆற்றுக்கடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். சன்னலருகே அமர்ந்த நம் மகள் நீரையும் மீனையும் எதிர்பார்த்தாள். சுவரில் நீல விளக்கொளி மட்டுமே தெரிந்தது கண்டு ஏமாந்தாள்.

செண்ட்ரல் பார்க் நிலையத்தில் இறங்கினால் அகன்ற தெருக்களும் மரநிழலும் வரவேற்கின்றன. இவ்வூரில் தெருப்பெயர் சொல்லி வீடு தேடுவது அரிது. எல்லாம் ஏஇ, பிஎஃப், ஐபி என ஈரெழுத்துப் பகுதிகள். தபால் பிரிக்கும் பெட்டிகளைப் போல ஊரையே அறை அறையாக வகுத்திருக்கின்றனர். அருகிலுள்ள பெருவெளியிற்றான் 2018 முதல் கொல்கத்தாப் புத்தகச் சந்தை நடைபெற்று வருகிறது. 1976இல் தொடங்கிய அச்சந்தை முன்னாளில் மைதானத்தில் நடந்ததை நம் பெரியோர் நினைவு கூர்வர். மூன்றாம் செக்டரில் ஆசிய நாடுகளைப் பற்றி ஆராயும் மௌலானா ஆசாத் நிறுவனமும், கிழக்கு மண்டலப் பண்பாட்டு மையமும் அண்மையிலேயே உள்ளன. அணுவாராய்ச்சி நிலையங்களும் கல்லூரிகளும் பல. எனவே இவ்வூரை அலுவலகங்களின் ஊர் என்பதைவிட ஆராய்ச்சியின் ஊர் என்பதே பொருந்தும்.

அவையின் தோற்றம்

கருத்தரங்கு நடந்த மண்டபம் பெரிதன்று. நூற்றைம்பது பேர் அமரலாம். வந்திருந்தோர் நூற்றுவருக்குக் குறைவே. பேராசிரியர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தோளிற் சோல்னாப் பை தொங்க வந்த முதியோர் எனப் பலரும் இருந்தனர். பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. வாயிலில் பெயரெழுதிக் கையொப்பமிட்டால் போதும். வங்காளியர்க்கு இத்தகைய கூட்டங்களில் உள்ள ஆர்வத்தை நாம் போற்றவேண்டும். நம் பின்னால் அமர்ந்திருந்த முதியவர் மருந்துக்கடை வைத்திருப்பவர். மொழிநூல் கேட்பதற்கென்றே கடையைத் தம்பியிடம் விட்டு வந்ததாகச் சொன்னார்.

தலைமை வகித்த மூத்த பேராசிரியை, டாக்காவில் உயிர் நீத்தோரை முதலில் நினைவு கூர்ந்தார். அதன்பின் 1961 மே 19 அன்று அசாமின் சில்சார் இரயில் நிலையத்தில் வங்க மொழிக்காக உயிர் நீத்த பதினொருவரையும் குறிப்பிட்டார். 1965இல் தமிழ்நாட்டில் மாணவர் நடத்திய மொழிப் போராட்டத்தையும் அதே மூச்சில் அவர் சேர்த்துச் சொன்னபோது, அவ்வவையில் நாமும் அயலாரல்லேம் என்ற எண்ணம் பிறந்தது.

வங்க மொழிக்கு 2024 அக்டோபரில் செம்மொழித் தகுதி கிடைத்தமையால் அவையில் ஒரு மகிழ்ச்சி நிலவியது. தமிழுக்கு அத்தகுதி 2004இலேயே முதன்முதலாக வழங்கப்பட்டது. பின்னர் வடமொழி, கன்னடம், தெலுங்கு, மலையாளம், ஒடியா என வரிசை நீண்டு, 2024இல் வங்கம், அசாமியம், மராத்தி, பாலி, பிராகிருதம் ஆகிய ஐந்தும் சேர்ந்து இன்று பதினொன்று ஆயிற்று. "தகுதி கிடைத்தது நன்று. இனி நம் பேரப்பிள்ளைகள் படிப்பார்களா என்பதே கேள்வி" என்று தலைவர் கூறியபோது கைதட்டல் சற்றுத் தயங்கியே எழுந்தது.

இரு நகரங்கள், இரு கண்டுபிடிப்புகள்

முதற்கட்டுரை கல்கத்தாவையும் சென்னையையும் பற்றியது. 1784இல் ஆசியக் கழகத்தைக் கல்கத்தாவில் நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ், 1786இல் நிகழ்த்திய உரையில் வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே மூலத்தினின்று பிறந்திருத்தல் வேண்டும் என்றார். உலக மொழிநூலின் தொடக்கங்களுள் அவ்வுரையும் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதன் பின்னர் இந்திய மொழிகள் யாவும் வடமொழியின் பிள்ளைகளே என்ற கொள்கை ஓங்கி நின்றது. முப்பது ஆண்டு கழித்து, 1816இல், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, தம்முடன் பணியாற்றிய பண்டிதர்களின் துணையோடு இதனை மறுத்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியன தனியொரு குடும்பம் என்று சான்றுடன் நிறுவினார். நாம் பெரிதும் போற்றும் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கண நூல் வெளிவந்தது 1856இல். அதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்னரே எல்லிஸ் அவ்வழியைத் திறந்துவிட்டார்.

ஒரு குடும்பத்தைக் கல்கத்தா கண்டது. மறு குடும்பத்தைச் சென்னை கண்டது. இவ்விரு நகரங்களையும் இன்று இணைக்கும் இரயில் பாதையில் வந்து இறங்கியோர் நாம். ஆதலின் அக்கட்டுரையை நம் குடும்பக் கதையைக் கேட்பது போலவே கேட்டோம்.

சுனிதி குமாரரின் தொண்டு

அடுத்து, அந்நாள் முழுதும் பலர் வாயிலும் வந்த பெயர் ஆசாரியர் சுனிதி குமார் சட்டர்ஜியுடையது. 1890இல் ஹௌராவிற் பிறந்து 1977இல் மறைந்த இப்பேரறிஞர், வங்க மொழியின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் பற்றி 1926இல் வெளியிட்ட பெருநூல் இன்றளவும் துறையினர்க்கு அடிப்படை. தம் தாய்மொழியின் வரலாற்றை எழுதப் புகுந்தவர், அதன் அடியிலே திராவிடப் படிவு உண்டென்று தயங்காது கூறினார். வங்க நாட்டுப் பழஞ்செப்பேடுகளிற் காணப்படும் ஊர்ப் பெயர்களை ஆராய்ந்து, அவற்றுட் சில திராவிடச் சொற்களால் ஆனவை எனக் காட்டினார்.

இன்னொரு செய்தி நம்மை வியப்பில் ஆழ்த்தியது. மொகஞ்சதாரோவில் முதன்முதல் அகழ்ந்தவர் ராக்கல்தாஸ் பானர்ஜி என்னும் வங்காளி. அவ்வகழ்வுகளின் பெருமையைத் தொல்பொருள் துறைத் தலைவர் மார்ஷல் 1924 செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவியூ' இதழில், அந்நாகரிகத்திற்கும் திராவிடர்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று சுனிதி குமாரர் எழுதிவிட்டார். சிந்துவெளி பற்றி இன்று நம் மேடைகளில் முழங்கும் பேச்சுக்கு முன்னோடி, இந்நகரத்துப் பத்திரிகையில் ஒரு வங்காளி எழுதிய கட்டுரை! பிற்காலத்தில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் திராவிடம் பற்றி ஆற்றிய சொற்பொழிவுகள் 1965இல் நூலாயின. 1969 முதல் இறுதிவரை சாகித்திய அகாதெமியின் தலைவராகவும் விளங்கினார்.

தன் மொழியை நேசிப்பவன் பிறமொழியைத் தாழ்த்தவேண்டும் என்பதில்லை என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வீட்டுப் பேச்சில் ஒற்றுமை

பிற்பகலில் இளம் பேராசிரியர் ஒருவர் கரும்பலகையில் எழுதிக் காட்டியவற்றை நம் இல்லத்தரசியார் மிகவும் சுவைத்தார். புத்தகத்தை விட்டு அடுக்களைக்கு இறங்கி வந்த பேச்சு அது.

வங்காளியர் தண்ணீர் கிண்ணீர் என்னும் பொருளில் 'ஜொல்-டொல்' என்பர். தேநீர் முதலியவற்றைச் 'சா-டா' என்பர். நாம் 'காப்பி கீப்பி' என்பது போன்றதே இது. நாம் 'கி' என்று தொடங்குகிறோம். அவர்கள் 'ட' என்று தொடங்குகின்றனர். முறை ஒன்றே. இவ்வாறு எதிரொலிக்கும் சொற்கள் இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவானவை என்று அமெரிக்க அறிஞர் எமனோ 1956இல் எடுத்துக்காட்டினாராம்.

'இவர் என் தந்தை' என்பதை வங்காளியர் 'இனி ஆமார் பாபா' என்பர். இரு மொழியிலும் மூன்றே சொற்கள், வினைச்சொல் இல்லை. இந்தியில் 'ஹைன்' என்று முடிக்காவிடில் வாக்கியம் நிறைவுறாது.

'போய்ப் பார்த்து வந்தேன்' என்பது அவர்கள் வாயில் 'கியே தெகே எலாம்' ஆகிறது. போய் என்பதற்குக் கியே, பார்த்து என்பதற்குத் தெகே, வந்தேன் என்பதற்கு எலாம். சொல்லுக்குச் சொல் வரிசை மாறவில்லை.

அனைத்தினும் அழகியது இது. 'அவன் வருவான் என்று உட்கார்ந்து இருக்கிறேன்.' வங்க மொழியில்: 'ஷே ஆஷ்பே போலே போஷே ஆச்சி.' இங்கே 'போலே' என்பது 'சொல்லி' என்னும் பொருளது. நம் 'என்று' என்பதும் 'என்' என்னும் சொல்லுதல் வினையிலிருந்து பிறந்ததே. வருவான் எனச் சொல்லிக்கொண்டு காத்திருக்கும் மனம் இரு மொழியிலும் ஒரே வழியிற் பேசுகிறது. நம் மகள் இதனைக் கேட்டதும், "அதனாற்றான் வங்காளி பேசும்போது யோசிக்கவே வேண்டியதில்லை" என்று நம் காதிற் கூறினாள்.

அப்போது அவையிலிருந்து ஒருவர் எழுந்தார். பன்மை குறிக்கும் வங்க 'குலோ'வும் தமிழ்க் 'கள்'ளும் ஒன்றே அன்றோ என்று உற்சாகமாகக் கேட்டார். பேராசிரியர் புன்முறுவலுடன் மறுத்தார். 'குலோ' வடமொழிக் 'குல' என்னும் சொல்லின் வழிவந்தது என்பதே மொழிநூலார் பலரின் முடிபு. ஒலி ஒத்திருப்பது கொண்டு உறவு கூறலாகாது என்றார். வாக்கிய அமைப்பின் ஒற்றுமை கூட, பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்தமையால் விளைந்திருக்கலாம். முண்டா மொழிகளின் பங்கும் உண்டு. எல்லாவற்றையும் திராவிடத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். நம் அலுவலகத்திலும் அப்படித்தான். இரு பார்சல்கள் ஒரே நிறத் துணியிற் கட்டப்பட்டிருப்பதால் ஒரே ஊரிலிருந்து வந்தவை என்று பதிவு செய்ய இயலாது. சீட்டைப் பார்க்கவேண்டும். சீட்டைப் படிக்கும் பொறுமையே ஆராய்ச்சி என்று உணர்ந்தோம்.

தேயிலைத் தோட்டத்து உறவு

இவற்றையெல்லாம் விட நம் நெஞ்சில் நின்றது, இறுதியாகப் பேசிய ஒரு மாணவியின் சிற்றுரை. வடவங்கத்துத் துவார் பகுதியிலிருந்து காஞ்சன்கன்யா விரைவு வண்டியில் இரவு முழுதும் பயணம் செய்து அவர் வந்திருந்தார். அவருடைய தாய்மொழி குடுக். ஓராவோன் மக்கள் பேசும் மொழி அது. நம் அன்பர் பலரும் அறியாத செய்தி யாதெனில், அம்மொழி தமிழின் உறவுமொழி. திராவிடக் குடும்பத்தின் வடகிளை. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ஏறத்தாழ 20 இலட்சம் பேர் அதனைப் பேசுகின்றனர். இராஜமகால் மலையில் வாழ்வோர் பேசும் மால்தோ மொழியும் அவ்வினத்ததே.

அம்மாணவி தம் மொழிச் சொற்கள் சிலவற்றைப் பலகையில் எழுதினார். நான் என்பதற்கு ஏன், நீ என்பதற்கு நீன், மூன்று என்பதற்கு மூந்த், பல்லுக்குப் பல், வருதலுக்குப் பர். கண்ணுக்குத் தொண்டையில் உரசி ஒலிக்கும் ஃகன். தமிழகத்திலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், நாம் ஒருபோதும் காணாத தோட்டத்தில், யாரோ ஒரு பாட்டி பேரனின் பல்லைப் பல் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்! இதனைக் கேட்டபோது நமக்கு மெய்சிலிர்த்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், துவார் காடுகளை வெட்டித் தேயிலை பயிரிட்ட வெள்ளையர், சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து ஓராவோன், முண்டா முதலிய மக்களைக் கூலிகளாகக் கொணர்ந்தனர். அதே நூற்றாண்டிற்றான் நம் தமிழ் மக்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வரலாறு ஒன்றே, மலை வேறு. அம்மாணவி கூறியது ஏறக்குறைய இதுதான்: "உங்கள் மொழிகளுக்கு நூல்கள் உண்டு, அரசர்கள் இருந்தார்கள், செம்மொழி என்ற பட்டமும் வந்துவிட்டது. எங்கள் பாட்டிக்கு எழுத்தே தெரியாது. தோட்டத்தில் மேஸ்திரியிடம் சாத்ரி பேசினாள்; கடையில் வங்காளி பேசினாள்; எங்களைத் தூங்கவைக்கும்போது குடுக் மட்டுமே பேசினாள். அதனால் மட்டுமே இன்று நான் இங்கு நிற்கிறேன்."

அம்மொழிக்கென மருத்துவர் நாராயண் ஓராவோன் தோலோங் சிக்கி என்னும் எழுத்தை வகுத்துள்ளார். மேற்கு வங்க அரசு 2018இல் அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. எழுத்தும் ஏற்பும் வந்தவை நேற்று. மொழியைக் காத்தவள் அதற்கு முன்பே வாழ்ந்து முடித்தவள்.

கூட்டம் கலைந்தபின் தேநீர் மேசையருகே அவரைக் கண்டு பேசினோம். நம்மைத் தாதா என்றும் நம் இல்லத்தாரைப் பௌதி என்றும் விளித்தார். நாம் தமிழர் என்றறிந்ததும், ஒன்று முதல் பத்து வரை தமிழிற் சொல்லும்படி நம் மகளைக் கேட்டார். அவள் சொல்லச் சொல்ல, மூன்று என்ற இடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தனர். அக்குளிர்காலத்துப் புது ஈச்சவெல்லத்தாற் செய்த சந்தேசை இருவரும் பகிர்ந்து தின்றதைக் கண்டு, அன்றைய கட்டுரைகளின் முடிவுரை இதுவே என எண்ணினோம்.

"அக்கா, உங்களுக்கு உங்கள் எழுத்து எழுத வருமா?" என்று மகள் வங்காளியிற் கேட்டாள். "இருபது வயதில்தான் கற்றேன். இன்னும் மெதுவாகத்தான் வரும். உனக்கு?" என்றார் அவர். மகள் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்துத் தன் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதனை மடித்துத் தம் புத்தகத்துள் வைத்துக்கொண்டார்.

பாலம் அமைத்தோர்

வங்கமும் தமிழும் ஒன்றையொன்று அறிந்தமைக்குப் பேராசிரியர்கள் மட்டும் காரணரல்லர். த. நா. குமாரஸ்வாமி வங்க மொழி கற்று அதன் இலக்கியங்களைத் தமிழில் தந்தவர். தாராசங்கர் பந்தோபாத்யாயரின் 'ஆரோக்கிய நிகேதனம்' அவர் மொழிபெயர்ப்பிலேயே தமிழர் கைக்கு வந்தது. இந்நகரத்தில் நெடுங்காலம் வாழ்ந்த சு. கிருஷ்ணமூர்த்தி, அரசு அலுவலகப் பணியில் இருந்துகொண்டே இரு திசையிலும் தொண்டாற்றினார். கிழக்கு வங்கத்துச் சிற்றூர் வாழ்வைக் காட்டும் அதீன் பந்தோபாத்யாயரின் நாவலை 'நீலகண்டப் பறவையைத் தேடி' எனத் தமிழாக்கினார். கீழ்வெண்மணிக் கொடுமையை அடிப்படையாகக் கொண்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' நாவலை வங்காளியர் படிக்கச் செய்தவரும் அவரே. பகலில் அலுவலகம், மாலையில் மொழி என வாழ்ந்த அவரை எண்ணும்போது, நம்போன்ற எழுத்தர்க்கும் இவ்வகையில் இடமுண்டு என்ற துணிவு பிறக்கிறது.

இன்னொரு செல்வமும் இந்நகரில் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதியின் பதிப்பாசிரியராயிருந்த பேராசிரியர் வையாபுரிப் பிள்ளை 1956இல் மறைந்தார். அவர் அரிதின் ஈட்டிய நூற்றொகுதி இன்று அலிப்பூரில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. சென்னைத் தமிழறிஞர் கொல்கத்தாவுக்கு வந்து தேடவேண்டிய ஏடுகள் நம் வீட்டிலிருந்து பேருந்தில் செல்லும் தொலைவிலேயே உள்ளன. அவற்றைக் கண்டோர் நம்மில் எத்தனை பேர்?

நம் இல்லங்களுக்கு

நம் குடும்பங்களில் ஒரு கருத்து பரவி வருகிறது. தமிழ் தொன்மையானது; செம்மொழி; அதற்கு அழிவில்லை; பிள்ளைகள் படிக்காவிட்டால் என்ன குறை என்பது அது. தொன்மை உண்மையே. ஆயினும் லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடியும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் வாங்கி வந்து தமிழராய் வாழ்கிறோம் என்று நிறைவு கொள்வோர், வீட்டில் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் ஒன்றேனும் வாங்கினோமா என்று எண்ணிப் பார்த்தல் நன்று. ஊரிலிருக்கும் பாட்டனாரின் கடிதத்தைத் தாயார் படித்துச் சொல்லக் கேட்கும் பிள்ளை, நாளை அக்கடிதத்தைத் தன் பிள்ளைக்குப் படித்துக் காட்ட இயலாது. மூன்றாந்தலைமுறையில் அது வெறுங் காகிதம். தமிழகத்தில் கோடிக்கணக்கானோர் தமிழ் பேசுவதால் இந்த ஒரு வீட்டின் இழப்பு ஈடாகிவிடுவதில்லை.

மற்றொரு சாரார், தமிழைக் காக்கவேண்டுமெனில் வங்க மொழியை வீட்டுக்குள் விடலாகாது என்பர். இதுவும் பிழையென்றே தோன்றுகிறது. அம்மாணவியின் பாட்டி மூன்று மொழிகளுக்கும் இடம் தந்தாள். ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கவில்லை. நமக்கு உணவளிக்கும் நாட்டின் மொழியை நாம் எழுத்தறிந்து கற்றல் நன்றி மட்டுமன்று, ஊதியமுமாகும். இரண்டும் அறிந்த பிள்ளையே நாளை ஒரு கிருஷ்ணமூர்த்தி ஆகக்கூடும்.

செய்யக்கூடியவை கடினமானவையல்ல. இரவு உணவுக்குப் பின் கால்மணி நேரம் தமிழ் வாய்விட்டுப் படித்தல். ஊருக்கு எழுதும் மடலில் பிள்ளை கையால் நான்கு வரி எழுதச் செய்தல். தொலைபேசியில் செய்தி அனுப்பினாலும் ஆங்கில எழுத்தில் அன்றித் தமிழெழுத்தில் அனுப்பப் பழக்குதல். ஆண்டுக்கொருமுறை புத்தகச் சந்தைக்கும், வாய்ப்பு நேருமாயின் சால்ட் லேக்கின் ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்திற்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுதல். தம் மொழியைப் பற்றிப் பெரியோர் அக்கறையோடு பேசுவதைக் கண்ணாற் காணும் பிள்ளைக்கு அம்மொழியின் மேல் மதிப்புப் பிறக்கும். வீட்டில் நாம் நூறு முறை சொல்வதற்கு அது ஈடு.

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் ஆசிரியர் இருக்கிறார்; புத்தகங்கள் இருக்கின்றன; பாய்களும் விரித்தே இருக்கின்றன. பிள்ளைகளைத்தான் அனுப்பவேண்டும். பெற்றோரும் உடன்வந்து பின்வரிசையில் அமரலாம்.